குப்பை யார் கையால் பிரிகிறது?

நேயர்களுக்கு வணக்கமுங்க. குப்பையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமான உரையாக இருக்கும் என்று ரேடியோவை மாற்றிவிடாதீர்கள். "எங்க வீட்ல குப்பையைப் பிரிக்கறதில்லைங்க, நேரமில்லை" என்று பலர் சொல்வதைச் சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக் குப்பையும் பிரியத்தான் செய்கிறது. நீங்கள் பிரிக்காவிட்டால் வாசலுக்கு வண்டி தள்ளி வருகிற அக்கா பிரிக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று ஒரே ஒரு பையை வைத்துச் சொல்கிறேன். இறுக்கி முடிச்சுப் போட்ட கேரி பை. அவிழ்த்தால் முந்தின நாள் சாம்பார், அதில் ஊறிக் கிடக்கிற பால் பாக்கெட், வாழைப்பழத் தோல், பாதி பிளேடு, குழந்தையின் டயப்பர். கையுறை கொடுக்கிறார்களே என்பீர்கள். சாம்பாரில் அது வழுக்கும், வெயிலில் உள்ளே வேர்த்துக் கொட்டும். அதனால் கழற்றிவிட்டு வெறுங்கையால் துழாவுகிறவர்களே அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பயம் தருவது இன்சுலின் ஊசி. நம் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு இப்போது குறைவு. போட்ட ஊசியை மூடாமல் அப்படியே பைக்குள் போடுகிறார்கள். கோவையில் ஒரு வீதியில் என் கண் முன்னால் நடந்தது: "ஏனுங்கம்மா, ஊசி இருந்தா தனியாக் குடுத்துருங்க" என்று வண்டிக்காரப் பெண் கேட்டார். "எப்படியும் நீதானே பிரிக்கப் போறே" என்று பதில் வந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. விரலில் சுற்றியிருந்த துணியைச் சரி செய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஹெபடைடிஸ் பி என்று கல்லீரலைத் தாக்குகிற கிருமி ஒன்று இருக்கிறது. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட அது 7 நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி இருக்கிறது, 3 தவணை. உங்கள் வார்டில் தூய்மைப் பணியாளர்களுக்கு மூன்றும் போட்டாயிற்றா என்று கவுன்சிலரைப் பார்க்கும்போது கேளுங்கள். ரோடும் தண்ணீரும் கேட்கிற மாதிரி இதையும் கேட்கலாம். வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலை: காலியான ஷாம்பு பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, மூடியை இறுக்கி, மேலே சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கையில் கொடுங்கள். நாப்கினும் டயப்பரும் காகிதத்தில் சுற்றித் தனியாக. இப்படிப் பிரித்துக் கொடுப்பது நான் சொல்வதல்ல, 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது.

சரி, பணியாளர் கையிலும் பிரியாமல் போகிற குப்பை எங்கே போகிறது? கோவைக்காரர்களுக்கு வெள்ளலூர் குப்பைக் கிடங்கு தெரியும். ஈரக் குப்பை பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். சித்திரை வெயிலில் ஒரு பொறி போதும். 2024 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது. மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் கனல் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்கள் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள்.

மக்கிய உரத்தை விவசாயிக்குக் கொடுக்கலாமே என்பார்கள். கலந்த குப்பையில் வந்த உரத்தைக் காட்டில் போட்டுப் பார்த்த எந்த மஞ்சள் விவசாயியும் இரண்டாவது தடவை வாங்க மாட்டார். கண்ணாடித் துண்டும் ஷாம்பு பாக்கெட்டும் கிடக்கிற மண்ணில் யார் வெறுங்காலோடு களை எடுப்பார்கள்? வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் குப்பைக்குழி வைத்து, சாணியும் சாம்பலும் போட்டு, கோடை மழைக்கு முன்னால் வண்டி கட்டிக் காட்டுக்கு எரு அடித்த ஊர் இது. அந்த ஆட்களிடம் பிளேடு கலந்த எருவை விற்க முடியாது.

கல்யாண மண்டபங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்ட இலைக்குள் தண்ணீர் பாட்டிலைச் சுருட்டி வைக்கிற பழக்கம் எப்போது வந்ததோ தெரியவில்லை. பந்தியில் பாட்டிலுக்கு ஒரு கூடை, இலைக்கு ஒரு கூடை வைக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். முகூர்த்த நாளில் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

இடம் இருந்தால் ஈரக் குப்பையை வண்டிக்கே கொடுக்க வேண்டியதில்லை. அடியில் நாலைந்து ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி போதும். நாற்றம் வருகிறது, புழு வைக்கிறது என்று பாதியில் விடுபவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான்: காய்ந்தது போடாமல் ஈரத்தை மட்டும் போடுவது. ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை சருகு. நகரத்தில் சருகுக்கு எங்கே போவது என்றால், பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் தென்னைநார்க் கழிவு ஒரு மூட்டை வாங்கிவரச் சொல்லுங்கள், ரொம்ப நாள் வரும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறுத்த தூளாகிவிடும். மீன் முள், கோழி எலும்பு மட்டும் வாளியில் வேண்டாம், எலி வரும். அதை மக்கும் குப்பையோடு வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கமுங்க.