சர் ஜாக் ஹேவர்டின் வுல்வ்ஸ் காலம் சாதனையே!

நடுவர் அவர்களே, கணக்கு நோட்டோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘வுல்வ்ஸ் கால்பந்துக் கிளப்பில் சர் ஜாக் ஹேவர்டின் 17 ஆண்டுகள்: சாதனையா, சறுக்கலா?’ இதுதான் தலைப்பு. வுல்வ்ஸ் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் ஊர்க் கிளப்; ஹேவர்ட் அதே ஊரில் பிறந்து, அதன் உரிமையாளரானவர். எதிரணித் தலைவர் மூன்று அம்பு விட்டார். 1990-இல் வாங்கிய கிளப் 2003 வரை, இங்கிலாந்தின் மேல் பிரிவான பிரீமியர் லீக் பக்கமே போகவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியில் அதை வெறும் 10 பவுண்டுக்குக் கொடுத்தார். மூன்றும் உண்மை. ஆனால் அவர் கைக்கு வந்தபோது அந்தக் கிளப் எந்தக் கோலத்தில் இருந்தது என்பதைத் தலைவர் நைசாக விட்டுவிட்டார். அங்கிருந்து நான் தொடங்குகிறேன்.

1979-இல் வுல்வ்ஸ் ஒரு பெரிய ஸ்டாண்ட், அதாவது பார்வையாளர் மாடம், கட்டியது. அந்தக் கடன் கழுத்தை நெரித்தது. 1984, 85, 86 என்று அடுத்தடுத்து மூன்று சீசன் இறங்கி, நான்காம் பிரிவில் போய் நின்றது. 1985-இல் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த பாதுகாப்பு விதிகளால் வுல்வ்ஸின் சொந்த மைதானமான மோலினூவின் நான்கு பக்கத்தில் இரண்டு பக்கத்துக்குப் பூட்டு விழுந்தது. நகராட்சி மைதானத்தை வாங்கியதால்தான் கிளப் பிழைத்தது. முன்கள ஆட்டக்காரர் ஸ்டீவ் புல் கோலடித்துக் கோலடித்து இரண்டாம் பிரிவு வரை இழுத்து வந்தார், சரி. ஆனால் மைதானம் பாதி பிணம். ஹேவர்ட் சுமார் 21 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது இதைத்தான்.

“மைதானம் கட்டக் கொட்டிய பணத்தில் ஆட்டக்காரர்களை வாங்கியிருக்கலாமே” என்கிறார்கள். ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த பிறகு வந்த, நீதிபதி டெய்லரின் அறிக்கையை எதிரணி படித்ததா? மேல் இரண்டு பிரிவுக் கிளப்புகள் 1994 ஆகஸ்டுக்குள் நின்று பார்க்கும் படிக்கட்டுகளை ஒழித்து, எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும். அரங்கம் இல்லையென்றால் டிக்கெட் வருமானம் இல்லை; நட்சத்திர ஆட்டக்காரருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஆட்டத்தை நிறுத்தாமல் பக்கம் பக்கமாகக் கட்டினார்கள். 1992 ஆகஸ்டில் ஸ்டான் கல்லிஸ் ஸ்டாண்ட், 1993 ஆகஸ்டில் பில்லி ரைட் ஸ்டாண்ட், அந்த டிசம்பரில் தெற்குப் பக்கம். 28,500 இருக்கை! கெடுவுக்கு எட்டு மாதம் முன்பே வேலை முடிந்தது. திறப்பு ஆட்டத்துக்கு ஹங்கேரியின் ஹான்வெட் அணியை அழைத்தார்கள். 1954-இல் மின்விளக்கு வெளிச்சத்தில் வுல்வ்ஸ் 3-2 என்று வென்ற அதே ஹான்வெட். ஊர்க்காரர் புத்தி அது.

ஹேவர்ட் இரண்டாம் உலகப் போரில் விமானி. “போர் விமானிக்குக் கால்பந்து நிர்வாகம் என்ன தெரியும்?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். ஐயா, அவர் குண்டு போட்டவர் அல்லர், மூட்டை போட்டவர். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, ஃப்ளோரிடாவில் பயிற்சி பெற்று, டகோட்டா சரக்கு விமானத்தில் பர்மாவில் போரிட்ட 14-ஆம் படைக்குச் சரக்கு கொண்டுபோனார். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். போட்ட மூட்டையில் நம்மவர் சோறும் இருந்திருக்கும்.

அந்த வேலை லேசானதா? ஏறக்குறைய இரண்டரை டன் சுமை. இடப்பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் பறக்க வேண்டும். அரிசியைப் பாராசூட் இல்லாமலே தாழப் பறந்து தள்ளுவார்கள். உள் சாக்கு வெடித்தாலும் வெளிச் சாக்கு தொளதொளவென்று பெரிதாக இருந்து அரிசியைப் பிடித்துக்கொள்ளும். பட்டுத் துணிக்குப் பஞ்சம் வந்தபோது கல்கத்தாச் சணலில் பாராசூட் தைத்தார்கள். ஒரே சுற்றில் எல்லாம் போகாது. குறுகிய பள்ளத்தாக்குக்குள் திரும்பத் திரும்ப வட்டமடிக்க வேண்டும். மூட்டைகள் வால் பக்கம் சரிந்தால் மூக்கு தூக்கும், வேகம் குறையும், அந்த உயரத்தில் மீட்க இடமே இருக்காது. மூட்டையைச் சேர்ப்பது விமானி. சண்டை போடுவது கீழே இருப்பவன். கிளப் உரிமையாளருக்கும் இதே எல்லைதான். பந்தை அவர் உதைக்க முடியாது.

எதிரணியிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியாளர்களை மாற்றுவதில் அவருக்குப் பொறுமை போதவில்லை. கிரஹாம் டெய்லர் இரண்டு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. இடையில் சில ஆண்டு மகனைத் தலைவர் நாற்காலியில் அமர்த்தியதும் நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. 1995, 1997, 2002 மூன்று முறை, மேல் பிரிவுக்குப் போகும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களின் அரையிறுதியில் அணி மண்ணைக் கவ்வியது. 2002-இல் பக்கத்து ஊர்ப் பரம எதிரி வெஸ்ட் புரோமை விட 11 புள்ளி முன்னால் நின்று, நேரடியாக மேலே போகும் இடத்தை அவர்களிடமே பறிகொடுத்தது. அந்த ஊரில் இதை இன்னும் மன்னிக்கவில்லை!

ஆனால் 2003 மே 26, கார்டிஃப், பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக முதல் பாதியிலேயே 3-0. இரண்டாம் பாதியில் பெனால்டியைக் கோல்கீப்பர் மாட் மர்ரே தடுத்தார். 1984-க்குப் பிறகு முதல் முறையாக மேல் பிரிவு.

அடுத்த சீசன் ஏன் சறுக்கியது? அதே மர்ரேவும், தடுப்பாளர் ஜோலியன் லெஸ்காட்டும் காயத்தால் கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே. வெளியூரில் ஒரு வெற்றிகூட இல்லை. மேன்செஸ்டர் யுனைடெட்டைச் சொந்த மண்ணில் 1-0 என்று சாய்த்தும் 33 புள்ளிதான். அதே 33 புள்ளியோடு லீட்ஸும் லெஸ்டரும் கூடவே இறங்கின. லீட்ஸோடு கோல் வித்தியாசமும் சமம்; வுல்வ்ஸ் கடைசி இடம் போனது அடித்த கோல் குறைந்ததால்.

இனி அந்த 10 பவுண்டு. 2007-இல் தொழிலதிபர் ஸ்டீவ் மோர்கனுக்குக் கொடுத்தபோது, கிளப்பில் 3 கோடி பவுண்டு போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். அந்தத் தொகையைத் தன் பைக்கு விலையாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டே வருஷத்தில், 2009-இல், அதே மோலினூவைச் சொந்த மண்ணாகக் கொண்ட வுல்வ்ஸ், இரண்டாம் பிரிவின் சாம்பியனாகப் பிரீமியர் லீக் ஏறியது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் 10 பவுண்டைச் சொல்லும்போது, கூடவே அந்த நிபந்தனையையும் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.