கல்குளத்துக்காரர்கள் கேட்கிற பத்மநாபபுரம்

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி. கன்னியாகுமரி மாவட்டத்தில், பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி நிற்கிறேன். பின்னால் மேகம் மூடிக் கிடப்பது வேளிமலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தத் தெருவில் வேனும் பஸ்ஸும் வர ஆரம்பித்துவிடும், அப்புறம் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அதனால்தான் சீக்கிரமே வந்துவிட்டேன்.

இன்றைக்கு அரண்மனையைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. முகப்பில் இருக்கிற பூமுகம், ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை, ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிற கறுப்புத் தரை, இதெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது அரண்மனைக்கு வெளியே, கோட்டைக்கு உள்ளே இருக்கிற ஊரைப் பற்றி.

அரண்மனை 6.5 ஏக்கர். கோட்டைக்குள் இருக்கிற மொத்த நிலம் 180 ஏக்கருக்கு மேல். சுற்றுச்சுவர் மட்டும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அந்த 6.5 ஏக்கரைக் கழித்தால் மிச்சம் இருப்பது வீடுகள், கோயில்கள், குளம், தென்னந்தோப்பு, பெட்டிக்கடை. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, குடியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டா வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். இன்னும் இருபது வருஷத்தில் இந்த ஊர் எப்படி இருக்கவேண்டும் என்பதுதான் பேச்சு. யாரும் கூட்டம் போடச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அதன் உத்திரமும், ஓட்டுக்கூரையைத் தாங்குகிற கழுக்கோலும் லாரியில் ஏறிப் போனதைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கியது. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

முதலில் நம் ஊரின் வினோதமான நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரமாக இருந்த ஊர் இது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆனால் அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்பொருள் துறையிடமே இருக்கிறது. அதாவது அரண்மனைக் கதவைத் திறப்பது ஓர் அரசு, கதவுக்கு வெளியே தெருவிளக்கு போடுவது வேறோர் அரசு. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அரண்மனை இடம் பிடித்தது. அந்தச் செய்தியை அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகப் பேசினார்கள். ஆனால் ஒரு நாள் நிஜமாகவே பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டால் சுற்றியிருக்கிற வீடுகளுக்கு என்ன ஆகும் என்று திண்ணையில் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை.

பாட்டாவின் கவலை அதுதான். "மக்கா, நாளைக்கு ஓடு மாத்துகதுக்குக்கூட பேப்பர் கேப்பானுவளோ?" என்றார். நான் சிரித்துக் கடந்துபோகவில்லை, அது சரியான கேள்வி. பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரம் பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே குடியிருக்கிறவர்கள் வீட்டைப் பழுது பார்க்க அனுமதி வாங்குவதில் இருக்கிற சிரமத்தைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். பாரம்பரியம் என்று ஒரு பலகை வைத்துவிட்டு, அதைக் காப்பாற்றுகிற செலவை வீட்டுக்காரர் தலையில் போட்டால் அவர் என்ன செய்வார்? ஒரு மழைக்காலம் ஒழுகவிடுவார், அடுத்த மழைக்காலமும் ஒழுகவிடுவார், சுவர் தானாக விழும்.

இங்கேதான் எங்கள் தெரு ஆசாரி மாமா ஒரு யோசனை சொன்னார். அவர் நாற்பது வருஷம் மரவேலை பார்த்தவர். ஓட்டு வீட்டை வைத்திருப்பது கஷ்டமே இல்லை, சாமான் கிடைப்பதுதான் கஷ்டம் என்றார். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டு மழைக்கும் முன்னால் ஓடு மாற்றவேண்டும், பழைய அளவு ஓடு கடையில் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு வீடு இடிக்கும்போதும் நல்ல ஓடும், பலாப்பலகையும், செதுக்கிய கதவு நிலையும் வியாபாரி கைக்குப் போகிறது. அவர் அதை எங்கோ ஒரு ரிசார்ட்டுக்கு விற்கிறார். அதற்குப் பதில் கோட்டைக்குள் ஒரு பொதுக் கிட்டங்கி இருந்தால் என்ன? இடிக்கிறவரிடம் நியாய விலைக்கு வாங்கி அடுக்கி வைக்கலாம். பழுது பார்க்கிறவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஒரு பட்டறை போட்டு, நாலு பையன்களுக்குப் மரத்தோடு மரத்தை இணைக்கிற பழைய பூட்டுமூட்டு வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். அரண்மனைப் பராமரிப்புக்கும் அந்தப் பையன்களை அழைக்கலாம்.

நோட்டில் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம். ஒரு கூரையும் ஒரு கணக்குப் புத்தகமும் போதும்.

அடுத்தது வண்டி. இதில் சண்டையே வந்தது. திருவனந்தபுரத்தில் காலையில் புறப்படுகிற டூரிஸ்ட் வேன் இங்கே வரும், ஒன்றரை மணி நேரம் நிற்கும், கன்னியாகுமரிக்குப் போய்விடும். வந்தவர்கள் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள், அவ்வளவுதான். தெருவிலோ பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளால் நடக்க முடியாது. சரி, வண்டியைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தட்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். உடனே அரண்மனை வாசலில் நுங்கும் வேர்க்கடலையும் விற்கிற அக்கா எழுந்துவிட்டார். "வண்டி வெளியே நின்னா எனக்க யாவாரமும் வெளியேல்லா போவும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு திட்டத்தில் யாருடைய வயிறு காயும் என்று முதலிலேயே கேட்கவேண்டும், காய்ந்த பிறகு நஷ்ட ஈடு பேசக்கூடாது. கடைசியில் இப்படி ஒரு முடிவுக்கு வந்தோம்: வண்டி வெளியே நிற்கட்டும், ஆனால் அங்கிருந்து அரண்மனைக்கு வருகிற நடைவழி கடைத்தெரு வழியாகத்தான் வரவேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி, அதை ஓட்டுவது உள்ளூர்க்காரர். அக்காவுக்கு அந்த வழியில் கடை போட முதல் உரிமை. அவர் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நடைவழி என்றதும் எதையெல்லாம் காட்டலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானே அசந்துபோனேன். ராமசுவாமி கோயிலில் ராமாயணக் கதையை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரண்மனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்? நீலகண்டசுவாமி கோயில், பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போகிற சிவாலய ஓட்டத்தில் ஏழாவது கோயில், சிவராத்திரிக்குக் 'கோவிந்தா கோபாலா' என்று ஓடி வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் பானகமும் மோரும் கொடுப்போம். தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர் முகமது அப்பா தர்கா. அந்தப் பக்கம் உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி, அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியாகவே ஆகி 1777-ல் இங்கேயே இறந்தார். இந்த அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம் பிள்ளையை 2022-ல் புனிதராக அறிவித்தார்கள். இவ்வளவும் சில கிலோமீட்டருக்குள். ஒன்றரை மணி நேரத்தில் எப்படிப் பார்த்து முடிப்பது?

ஒருநாள் தங்கட்டும் மக்களே. பெரிய ஓட்டல் கட்டச் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஆறு அறை வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிகள் எத்தனை பேர்! இரண்டு அறையை வாடகைக்கு விட்டால் ஓடு மாற்றுகிற காசு அதிலேயே வந்துவிடும்.

இப்போது கொஞ்சம் நடந்து குளத்துப் பக்கம் வந்துவிட்டேன். இதைப் பாருங்கள். பத்மநாபபுரம் என்பது மார்த்தாண்ட வர்மா காலத்தில் வந்த பெயர், அதற்கு முன்னால் கல்குளம். தாலுகாவுக்கு இன்றும் அதுதான் பெயர். ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஆனால் நகரத் திட்டம் என்று யார் பேசினாலும் முதலில் அலங்கார விளக்கு, அப்புறம் செல்ஃபி பாயின்ட். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எந்த ஓடை வழியாக வருகிறது, எங்கே அடைத்திருக்கிறது, குளம் நிரம்பினால் எங்கே போகும் என்று ஒரு வரைபடம் உண்டா? போன வருஷம் ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மூன்று மேசை மாறினேன், நாலாவது மேசையில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதனால் நாங்களே வரையப் போகிறோம். பாட்டாவுக்கு ஒவ்வொரு மடையும் தெரியும். அவருக்கு எண்பத்து மூன்று வயது. இதைத் தள்ளிப்போட முடியாது.

கோட்டைச் சுவரும் அப்படித்தான். கல்லிடுக்கில் ஆலும் அரசும் வேர் விட்டிருக்கிறது. செடியாக இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நாள் வேலை, மரமான பிறகு பிடுங்கினால் சுவரும் கூட வரும். வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால், தெருவுக்கு இவ்வளவு நீளம் என்று பிரித்துக்கொண்டு செடி பிடுங்கலாம் என்று பையன்கள் சொன்னார்கள். சும்மா ஏறிப் பிடுங்கக்கூடாது, தெரிந்தவர் ஒருவர் கூட நிற்கவேண்டும், அனுமதியும் வாங்கவேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஊருக்கான முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், ஒன்று தயாரானால் அதை அறிவித்து, ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்கவேண்டும். அந்த இரண்டு மாதத்தில் யோசிக்க ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது. அறிவிப்பு வருகிற அன்றைக்கு நம் நோட்டு தயாராக இருக்கவேண்டும்.

இரண்டு மாநிலம் ஒன்றாக உட்காருமா என்று ஆசாரி மாமா கேட்டார். பாட்டாதான் பதில் சொன்னார். வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆகிய மூன்று சாமிகளும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றும்போது இரண்டு மாநிலத்து ஆட்களும் நிற்கிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. எல்லையில், களியக்காவிளையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் வரவேற்கிறார்கள். "வாளுக்கு ஒண்ணா நிப்பினும், ஓடைக்கு நிக்க மாட்டினுமோ?" என்றார்.

நான் கேட்பதும் அதுதான். இரண்டு அரசும், நகராட்சியும், கோட்டைக்குள் குடியிருக்கிறவர்களும் உட்கார்கிற ஒரு குழு வேண்டும். அதில் அந்த நுங்கு விற்கிற அக்காவுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓடைகளை நடந்து பார்த்து வரையப் போகிறோம். தக்கலை, குமாரகோவில், வில்லுக்குறி பக்கத்தில் இருக்கிறவர்கள் வாருங்கள், ஒரு நீள டேப் இருந்தால் கொண்டுவாருங்கள். பழைய தெருப் படம், குளத்துப் படம் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள், கல்யாண ஆல்பத்தில் பின்னால் தெரிகிற படமானாலும் பரவாயில்லை. முதல் வேன் வந்துவிட்டது, ஹாரன் கேட்கிறதா? நான் ஓரமாக ஒதுங்குகிறேன்.