கல்லாச் சாவி யாரிடம்?

அனைவருக்கும் வணக்கம். அகதிப் பெண்களின் தொழில் முயற்சிகளை ஆய்வு செய்யப் போகிற மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எத்தனை பெண்கள் கடை போட்டார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். வந்த பணம் யார் கையில் இருந்தது, யார் சொல்லிச் செலவானது என்றும் கேளுங்கள். சமூக மாற்றம் பிடிபடுவது அங்கேதான்.

கேட்பது அவ்வளவு சுலபமில்லை. 'தொழில் ஏதாவது செய்கிறீர்களா?' என்றால், 'இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்' என்பார்கள். மூலையில் தையல் இயந்திரம் இருக்கும், அதன்மேல் அக்கம்பக்கத்தார் தைக்கக் கொடுத்த துணி மடித்திருக்கும். பலகை மாட்டிய கடைதான் தொழில் என்பது பலருடைய எண்ணம். பயமும் உண்டு. வருமானம் இருப்பது தெரிந்தால் நிவாரணம் நின்றுவிடுமோ? உரிமம் எங்கே என்று யாராவது வந்து கேட்பார்களோ? மொழிபெயர்ப்பவர் அதே முகாம்காரர் என்றால் பேச்சு இன்னும் சுருங்கும். அதனால், 'நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' என்று தொடங்குங்கள். முடிந்தால் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள்.

அந்தப் பயம் வீண் பயமில்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு சுயதொழிலைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைப்பதற்குக் குறையக் கூடாது என்ற அளவோடு சரி. ஜோர்டான் அதில் சேரவே இல்லை. 2016-இல் அந்த நாடு தன்னிடம் வந்த சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வேலைகள் என்று இலக்கு வைத்தது. அதையொட்டிக் கிடைத்த வேலை அனுமதிகளில் பெண்களின் பங்கு மிகச் சிறியது. பலருக்கு வேலையிடம் தூரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. உகாண்டாவோ 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமை கொடுத்தது. ஒரு பெண்ணின் திறமையை எடைபோடும் முன் அவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறார் என்று பாருங்கள்.

அப்புறம் சேமிப்புக் குழுக்கள். உறுப்பினர்கள் சேர்ந்து சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள். 1991-இல் கேர் (CARE) என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் பெண்களோடு தொடங்கிய முறை இது, இன்று அகதிக் குடியிருப்புகளிலும் நடக்கிறது. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று பேரிடம் இருக்கும், பெட்டி வேறொருவர் வீட்டில் இருக்கும். எல்லாரும் கூடினால்தான் திறக்கலாம். களவு போகாமலிருக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் யாராவது பணத்துக்கு நெருக்கினால், 'என்னால் மட்டும் திறக்க முடியாதே' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. கடன் தொகையைவிட இது பெரிது என்பேன்.

இன்னொன்றும் உண்டு. தாய் தொழிலுக்குப் போனதும் சமையலும் தண்ணீர் எடுப்பதும் யார் தலையில் விழுகின்றன? பல வீடுகளில் மூத்த மகள் தலையில். அதனால் தாயின் வருமானத்தைக் குறிக்கும் அதே தாளில், மகள் இந்த வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனாள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.