பிறந்தநாள் நன்றி முதலில் யாருக்கு?

அவையோருக்கு வணக்கம். நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன்களுக்கும், காலையிலிருந்து பொங்கல் விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்த களைப்போடும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் என் வணக்கம்.

பிறந்தநாளில் நாம் முதலில் நன்றி சொல்ல வேண்டியது நம்மைத் தூக்கிவிட்ட பெரிய உதவிகளுக்கா, வழியில் கிடைத்த சின்னச் சின்ன அன்புக்கா? இதுதான் நமக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. எதிரணித் தலைவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். கல்லூரிக் கட்டணம் கட்டிய தாய்மாமனை விட்டுவிட்டு மிட்டாய் கொடுத்தவரை நினைப்பது நன்றியே ஆகாது என்றார். அப்புறம், கைப்பேசி ஞாபகப்படுத்துகிறது, உடனே ஒரு கேக் படத்தை அனுப்பிவிடுகிறார்கள், இந்தக் காலத்தில் சின்ன அன்புக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தான். இரண்டுக்கும் வருகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். பிரசவ வார்டில் வேலை. பிறந்தநாள் என்று சொன்னாலே எனக்கு நினைவுக்கு வருவது ஒரு குழந்தை உண்மையிலேயே பிறந்த அந்த நாள்தான். இதுவரை மேடையில் பேசிய யாரும் அந்த முதல் நாளைத் தொடவில்லை.

பிறந்த குழந்தைக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும்? உடம்பின் ஈரத்தைத் துடைக்க வேண்டும். சூடு போகாமல் காய்ந்த துணியால் மூட வேண்டும். தாயின் மார்பில் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் அந்தச் சின்ன உடம்பு சித்திரை வெயில் காலத்தில்கூடக் குளிர்ந்துபோகும். அதனால்தான் நாங்கள் துணி துணி என்று பறப்போம். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையும் என்று பிள்ளை பெற்ற வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் ராத்திரி 108 வண்டியில் ஒரு பெண் வந்தாள். செங்கல் சூளையில் வேலை. கூட வந்தது புருஷன் மட்டும்தான். துணிப்பை இல்லை, வெந்நீர் ஃபிளாஸ்க் இல்லை, மாமியாரோ அம்மாவோ யாரும் இல்லை. வந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எங்களிடம் இருந்த துணியால் துடைத்து, சுற்றி, வார்டுக்கு அனுப்பினோம். மாற்றுத் துணிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

பக்கத்துக் கட்டிலில் தன் மகளுக்குத் துணையாக ஒரு வயதான அம்மா இருந்தார். பேரப் பிள்ளைக்கென்று ஊரிலிருந்து ஒரு பழைய பருத்திப் புடவையைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தார். நம் வீடுகளில் பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டார்கள் அல்லவா, கட்டிக் கட்டி மெத்தென்று ஆன புடவைதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும். அந்த அம்மா யாரும் கேட்காமலே எழுந்து வந்தார். புடவையை நடுவில் கிழித்தார். பாதியைத் துண்டு துண்டாக்கி இந்தக் கட்டிலில் வைத்தார். ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, பிள்ளை பெற்றவளைக் குடிக்கச் சொன்னார். காலையில் அவர் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கிளம்பிப் போய்விட்டார். அவர் பேரை யாரும் கேட்டுவைக்கவில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் அம்மா ஒவ்வொரு வருஷமும் மகள் பிறந்தநாளை ஒட்டி எங்கள் வார்டுக்கு வருவாள். துவைத்து, வெயிலில் காயவைத்து மடித்த பருத்தித் துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஏன்மா இவ்வளவு தூரம் அலைகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "அன்னைக்கு அந்த அம்மாவோட ஊர் பேரு எதுவும் கேக்கலக்கா. கேட்டிருந்தா அவங்க வீட்டுக்கே போயிருப்பேன்" என்றாள்.

நடுவர் ஐயா, இந்த ஒரு வார்த்தைதான் எங்கள் அணியின் வாதம். எதிரணி அண்ணன் சொன்ன தாய்மாமனை நாங்கள் யாரும் மறக்கச் சொல்லவில்லை. அவரை இந்த மண் மறக்கவும் விடாது. காதுகுத்து என்றால் அவர் மடியில்தான் பிள்ளை உட்காரும். மஞ்சள் நீராட்டு என்றால் அவர் சீர் முதலில் வரும். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருக்கும், மேடையில் மாலை இருக்கும், இதில் ஒன்று குறைந்தாலும் பஞ்சாயத்தே நடக்கும். கட்டணம் கட்டியவருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவருக்கும் நன்றி சொல்ல நம்மிடம் வருஷம் முழுக்க வழி இருக்கிறது. புடவையைக் கிழித்துக் கொடுத்த அம்மாவுக்கு எந்த நாளில் சொல்வது? அதற்கு பிறந்தநாளை விட்டால் வேறு எந்த நாளும் கிடையாது என்பது என் கட்சி.

இன்னொன்றையும் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சரியாகச் சுருங்காமல் போனால் ரத்தப்போக்கு நிற்காது. சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் போனாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். மருந்து கொடுப்போம், வயிற்றை அமுக்கிப் பிடிப்போம், மருத்துவர் ஓடி வருவார். அதற்கும் நிற்காதபோது ரத்த வங்கியிலிருந்து பை வரும். 350 மில்லி பை ஒன்றில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? ரத்தப் பிரிவு, எடுத்த தேதி, காலாவதித் தேதி, ஒரு எண். கொடுத்தவர் பெயர் இருக்காது. சிவப்பணுக்களை ஐந்து ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். போன மாதமோ அதற்குக் கொஞ்சம் முன்போ யாரோ ஒருவர் வேலைக்கு நடுவில் வந்து, கையை நீட்டிப் படுத்திருந்து, ஒரு பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் பெண்ணுக்கு அது ஏறியது, அவள் பிழைத்தாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. அவள் பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளையும் அம்மாவோடு கொண்டாடும்.

உயிரைக் காப்பாற்றியது சின்ன உதவியா என்று அண்ணன் எழுந்து கேட்பார். கேட்கட்டும். கொடுத்தவரைக் கேட்டால் "அரை மணி நேர வேலைங்க, இதெல்லாம் ஒரு விஷயமா" என்பார். வாங்கியவள் வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள். அளவு கொடுத்தவர் கணக்கில்தான் சின்னது. உலக ரத்த தான நாள் எந்த நாள் என்று இங்கே படிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்: ஜூன் 14. அது கார்ல் லேண்ட்ஸ்டெய்னரின் பிறந்தநாள். 1868-ல் வியன்னாவில் பிறந்தவர். ரத்தத்தில் பிரிவுகள் இருப்பதை 1901-ல் கண்டு சொன்னவர், அதற்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவ்வளவு பெரிய மனிதரின் பிறந்தநாளை உலகம் யாருக்கு நன்றி சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறது? பெயர் தெரியாமல் கையை நீட்டிவிட்டுப் போன அந்த ஆட்களுக்கு. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

எங்கள் அப்பாவின் பிறந்தநாளும் ஜூன் மாதம்தான். ஆனால் அவர் ஜூனில் பிறந்தாரா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் பலருக்கும் இந்தக் கதை உண்டு. பாட்டி பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது "பெரிய மழை வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம் பொறந்தான்" என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டதும், ஐந்து வயது நிறைகிற மாதிரி ஒரு ஜூன் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். சான்றிதழ் இல்லை, போய்விட்டு அடுத்த வருஷம் வா என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா மாடு மேய்க்கப் போயிருப்பார். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா இன்றைக்கும் அந்தத் தேதி வந்தால் முதலில் அந்த வாத்தியாரைப் பற்றித்தான் பேசுவார். அவர் படிப்புக்குப் பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் பேசுவார். வாத்தியார் முதலில்.

சரி, கைப்பேசி வாழ்த்துக்கு வருகிறேன். அது மலிந்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் அதைச் சின்ன அன்பு என்று எங்கள் கணக்கில் எழுதியதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடுக்கிறவரிடமிருந்து கொஞ்சமாவது குறைய வேண்டும், தூக்கமோ, நேரமோ, பாதிப் புடவையோ. கட்டைவிரலால் தள்ளிவிட்ட படத்தில் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

என் மகளின் பிறந்தநாள் அன்று எனக்கு இரவுப் பணி போட்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற அக்கா அன்றுதான் பகல் பணி முடித்திருந்தார். கால் வீங்கியிருந்தது, எனக்கே தெரியும். "நீ போய்ப் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி என் இடத்தில் நின்றார். நான் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். மகள் விடிந்ததும் ஒரு தூக்கில் பாயசத்தை எடுத்துக்கொண்டு என்னோடு வார்டுக்கு வந்தாள். அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளை அவள் அன்றைக்கு இன்னும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, சின்ன அன்பு எல்லாம் வசதி இல்லாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்கள் அணியில் அடுத்து வருகிற தங்கை இருக்கிறாள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறவள், ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் கேக் வாங்கித் தேநீர் இடைவேளையில் வெட்டிய கதை அவளிடம் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. வணக்கம்.