காதுக்கு ஒரு வயது, கண்ணுக்கு ஒரு வயது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து "எப்போம்மா முடியும்?" என்று காதைக் கடித்துக்கொண்டிருக்கும் குட்டி நடுவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"பிள்ளைகளுக்குப் புத்தகம் பரிந்துரைக்க முதலில் பார்க்க வேண்டியது வயதையா, வாசிக்கிற பிள்ளையையா?" இதுதான் தலைப்பு. பிள்ளையைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அம்மா அருமையாகப் பேசினார்கள். செருப்புக்கு அளவு பார்க்கிறோம், சட்டைக்கு அளவு பார்க்கிறோம், புத்தகத்துக்கு மட்டும் வயது பார்க்கக் கூடாதா என்று கேட்டார்கள். கைதட்டல் வாங்கினார்கள். நானும்தான் தட்டினேன். தட்டி முடித்த பிறகு யோசித்தேன். செருப்புக் கடையில் வயதையா கேட்கிறார்கள்? காலை அல்லவா நீட்டச் சொல்கிறார்கள்! "பையனுக்கு எட்டு வயசு, ஒரு ஜோடி கொடுங்க" என்று வாங்கி வந்தால், அதை அவன் போட்டுக்கொண்டு நடப்பானா, கையில் பிடித்துக்கொண்டு நடப்பானா? அம்மா எங்கள் அணிக்காகத்தான் பேசியிருக்கிறார்கள். இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதியில் பல வருஷமாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். என்னிடம் வருகிற பெற்றோர் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது ஒரே கேள்வி. "ஏழு வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு புக் குடுங்க." நான் திருப்பிக் கேட்பேன்: "யார் படிக்கப் போறாங்க?" என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "அவன்தான் படிக்கப் போறான்." "அவனாவே படிக்கப் போறானா, நீங்க படிச்சுச் சொல்லப் போறீங்களா?" அதற்குத்தான் பதில் வராது.

ஏன் கேட்கிறேன்? ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏழு வயது என்பது பிறப்புச் சான்றிதழில் மட்டும்தான். அதன் காதுக்கு ஒரு வயது, கண்ணுக்கு ஒரு வயது, மனசுக்கு ஒரு வயது. மூன்றும் ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை.

காது பிறந்த அன்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். கண்ணுக்கு எழுத்து அறிமுகமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்து போயிருக்கும். மறுபடி தொடக்கத்துக்குப் போகும். அந்தப் பிள்ளையின் மடியில் அது தானாகப் படிக்கக்கூடிய புத்தகத்தைத்தான் வைக்க வேண்டும். ஆனால் அதே பிள்ளைக்கு ராத்திரி நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கு, மூன்று நான்கு வருஷம் மூத்த பிள்ளைகளின் கதையைத் தாராளமாக எடுக்கலாம். புரியாத சொல் வந்தால் உங்கள் குரலே பாதி அர்த்தம் சொல்லிவிடும். மீதியைக் கேள்வி கேட்டே தெரிந்துகொள்ளும். அட்டையில் அச்சடித்த ஒற்றை எண் இந்த இரண்டில் எதைச் சொல்கிறது?

இதிலே இன்னொரு கொடுமையும் நடக்கிறது, சொல்லாமல் விட மனசு வரவில்லை. பிள்ளைக்குப் படிக்க வந்துவிட்டது என்று தெரிந்த அன்றே வீட்டில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். "இனிமே நீயே படி." நேற்று ராத்திரி வரைக்கும் அந்தப் பிள்ளை கடற்கொள்ளையரோடு கப்பலில் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குக் கையில் கொடுக்கிற புத்தகத்திலோ, "இது பந்து. பந்து உருண்டது." படிக்கக் கற்றுக்கொண்டதற்குத் தண்டனையா அய்யா இது?

எளிய சொல் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. எளிய சொல்லில் எழுதுவது பெரிய வித்தை. டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதியவர் 1957-ல் ஒரு தொப்பிப் பூனையின் கதையை 236 வெவ்வேறு சொற்களையே திரும்பத் திரும்பப் போட்டு முடித்தார். அவருடைய பதிப்பாளர், 50 வெவ்வேறு சொல்லுக்குள் எழுத முடியுமா என்று பந்தயம் கட்ட, 1960-ல் 50 சொல்லில் ஒரு முழுப் புத்தகத்தையே கொண்டுவந்தார். அந்த ஐம்பதில் ஒன்றே ஒன்றுதான் ஓரசைக்கு மேற்பட்ட சொல். தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்கான புத்தகம்தான். ஆனால் வாசித்துக் காட்டும் பெரியவர்கள் அதைப் பக்கம் தள்ளி ஏமாற்ற முடியாது. அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இப்போது மறுபக்கம். என் மேசைக்கு ஒரு பையன் வருவான். பன்னிரண்டு வயது, நல்ல உயரம், மீசை அரும்பப் பார்க்கிற பருவம். வாசிப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும். ஒரு நாள் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தான். நட்டுக்க நிமிர்த்திப் பிடித்திருந்தான், ஆனால் கட்டைவிரல் ஒரு விநோதமான இடத்தில் இருந்தது. அட்டையின் வலது மேல் மூலையை அழுத்திப் பிடித்தபடியே மேசையில் வைத்தான். பதிவு செய்ய நான் இழுத்தேன். விரலை எடுக்கவில்லை. மெல்ல இழுத்தேன். அதற்கு அடியில் ஒரு மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் "6–8". பின்னால் அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையைக் கவிழ்த்துப் போட்டுப் பதிவு செய்து கொடுத்தேன். மறுவாரம் அந்த அலமாரியில் இருந்த மஞ்சள் வட்டத்தின் மேலெல்லாம் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டினேன். மேலதிகாரி ஏன் என்று கேட்டார். பசை வீணாகிறதாம்.

இது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 2008-ல் இங்கிலாந்துப் பதிப்பகங்கள் சேர்ந்து, சிறுவர் நூல்களின் அட்டையில் 5+, 7+, 9+, 11+, 13+ என்று வயது முத்திரை குத்தத் திட்டம் போட்டன. எதிர்த்து முன்னால் நின்றவர் யார் தெரியுமா? பிலிப் புல்மன் என்ற எழுத்தாளர். சிறுவர் நூல் எழுதுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் அவரோடு கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று என் கட்டைவிரல் பையனைப் பற்றியது: தன் வயதைவிடச் சின்ன எண் போட்ட புத்தகத்தை எடுக்கப் பிள்ளை கூச்சப்படும். சமைத்தவரே "இலையில் பெயர் எழுதாதே, பசித்தவன் சாப்பிடட்டும்" என்கிறார், பரிமாறுகிறவர்களுக்கு என்ன வந்தது?

எதிரணித் தம்பி எழுந்து, "அப்படியானால் ஐந்து வயதுப் பிள்ளை எதை வேண்டுமானாலும் படிக்கலாமா? பயந்துவிடாதா? சாவு, சண்டை எல்லாம் தடுக்க வேண்டாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதுதான் இன்றைய வழக்கின் மையம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன் தம்பி. நீலச் சட்டை போட்ட குட்டி முயலின் கதை தெரியுமா? பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதியது. பதிப்பகங்கள் கைவிரித்ததால் 1901-ல் சொந்தச் செலவில் 250 படி அச்சடித்தார். 1902-ல் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. பிஞ்சுக் கையில் அடங்க வேண்டும் என்று சின்ன அளவிலேயே போட்டார்கள். தொட்டில் பிள்ளைக்குக்கூட வாங்கிக் கொடுக்கிறோம், இல்லையா? அதைத் திறந்தால், தொடக்கத்திலேயே அம்மா முயல் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறாள்? அந்தத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், உங்கள் அப்பாவுக்கு அங்கேதான் விபத்து நடந்தது, தோட்டக்காரர் மனைவி அவரை மாவுக்குள் வைத்துச் சுட்டுவிட்டாள் என்கிறாள்! நூறு வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகள் அந்தப் பக்கத்தைத் தாண்டி நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தூக்கம் வராதது வயது முத்திரை போடுகிறவர்களுக்குத்தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயப்படுகிற பிள்ளை உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்பதை எண் சொல்லாது. போன வருஷம் ஓர் அம்மா வந்தார். பாட்டி இறந்து ஒரு மாதம், மகளுக்கு ஆறு வயது. "சாவு வராத புத்தகமா பாத்துக் குடுங்க" என்றார். இரண்டு எடுத்து வைத்தேன். இரண்டிலும் சாவு இல்லை. அதற்குள் அந்தப் பிள்ளை பக்கத்து அலமாரியிலிருந்து தானாக ஒன்றை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. வளர்த்த நாய் இறந்துபோன வீட்டைப் பற்றிய படப் புத்தகம், பின்னட்டையில் ஒன்பது வயதுக்கு என்று போட்டிருந்தது. நடுவில் ஒரு பக்கம், அதில் எழுத்தே கிடையாது. சமையலறை மூலையில் நாயின் தட்டு மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. அம்மா குனிந்து வாங்கப் போனார். பிள்ளை நிமிர்ந்து கேட்டது, "இவங்களும் தட்டை எடுத்து வைக்கலியா?" அம்மா என் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் வீட்டில் பாட்டியின் தட்டு எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது வயது வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாமா அந்தப் பிள்ளையை?

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். எண்ணைப் போடாதீர்கள், உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள். "இதில் ஒரு நாய் இறக்கிறது." "இதில் பள்ளியில் ஒரு பையனைக் கூட்டமாகச் சேர்ந்து கேலி செய்கிறார்கள்." இந்த ஒரு வரி போதும், அந்தப் பிள்ளையை அறிந்தவர் முடிவெடுத்துக்கொள்வார். "12+" என்று போட்டால், உள்ளே இருப்பது சாவா, காதலா, பொடி எழுத்தா? யாருக்குத் தெரியும்?

ஓர் இடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன், அடம் பிடிக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே வயது பார்க்கத்தான் வேண்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், கறுப்பு வெள்ளை மாதிரி பளிச்சென்று வேறுபடுகிற படம்தான் கண்ணில் நிற்கும். அப்புறம் எல்லாம் வாய்க்குள் போகும். மெல்லுவதும் அங்கே வாசிப்புதான். கெட்டி அட்டை, முனை மழுங்கியது, பிய்ந்து தொண்டையில் சிக்காதது என்று பார்க்க வேண்டும். அது உடம்பு பற்றிய விஷயம். அங்கே வயதுக்கே என் ஓட்டு.

எதிரணி அம்மா பிள்ளைத்தமிழையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நம் முன்னோரே குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்களே என்றார்கள். பிரித்தார்கள், செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் மாதக் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். சப்பாணி, குழந்தை கை கொட்டுகிறது. வருகை, தளர்நடை நடந்து வருகிறது. அம்புலி, நிலாவை விளையாடக் கூப்பிடுகிறோம். "ஒன்பதாம் மாதப் பருவம்" என்றா பெயர் வைத்தான் புலவன்? பிள்ளை என்ன செய்கிறது, அதன் எதிரே நின்று நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்து வைத்தான். அவனை எங்கள் அணியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன்.

கடல் கடந்தும் அப்படித்தான். தனித்தீவில் மாட்டிக்கொண்ட ராபின்சன் குரூசோவின் கதை 1719-ல் வந்தது, கலிவரின் பயணங்கள் 1726-ல். இரண்டும் பெரியவர்களுக்கு எழுதியவை. பிள்ளைகள் அனுமதி கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1762-ல் தத்துவஞானி ரூசோ கல்வியைப் பற்றி எழுதும்போது, புத்தகங்களே பிடிக்காது என்று எரிந்து விழுந்தவர், தன் கற்பனை மாணவனுக்கு முதல் புத்தகமாக எதை அனுமதித்தார்? அந்தப் பெரியவர்களின் குரூசோவைத்தான்.

"பிறந்தநாள் பரிசு வாங்கப் போகிற மாமாவுக்கு வயதைத் தவிர வேறென்ன தெரியும்?" என்று தம்பி கேட்டார். வயதைக் கேட்க ஒரு போன் போடுகிறார் அல்லவா? அதே போனில் இன்னொரு கேள்வி கேட்கட்டும்: "எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான்?" அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. டைனோசர் படத்தைத் திரும்பப் பார்க்கிற பிள்ளைக்குக் கதையே இல்லாத தகவல் புத்தகம் வாங்குங்கள். துப்பறியும் கதையை முடிவு தெரிந்தும் மறுபடி படிக்கிற பிள்ளைக்கு அதே வரிசையின் அடுத்த பாகம். சொல் கடினமா என்று பார்க்க ஒரு கை போதும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். வேண்டாத புத்தகம் இல்லை, கவனியுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிஷம். எதிரணித் தம்பி பேச்சின் நடுவே பெருமையாகத் தன் மகளைக் குறிப்பிட்டார். வயது சொன்னார், எட்டே கால். வகுப்பு சொன்னார். எத்தனை புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. மடியில் ஒரு புத்தகம் விரித்து வைத்திருக்கிறது, நாங்கள் பேசுகிற எதையும் கேட்கவில்லை. தம்பி பதில் சொல்ல எழும்போது, குனிந்து பார்க்காமல், அது என்ன புத்தகம் என்று மட்டும் சொல்லட்டும். நான் உட்காருகிறேன்.