போட்டிக்குப் போகும் வேனில் என்ன பேசுகிறோம்?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் சாயங்கால வேளையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுப்பவள் நான். போட்டிக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வரும் பயத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகும் பெரியவர்களிடம்தான் எனக்குப் பேச்சு அதிகம்.

முதலில் உடம்பு. பேர் கூப்பிடப் போகிறார்கள் என்றதும் கை சில்லிடும், வயிற்றைக் கலக்கும், சும்மா சும்மா கழிவறைக்கு ஓடுவார்கள். பிள்ளை கோழை இல்லைங்க. அட்ரினலின் சுரந்து, ரத்தம் வயிற்றையும் தோலையும் விட்டுத் தசைகளுக்குப் போகிறது. செரிமானம் மந்தமாகிவிடும். அதனால்தான் அன்றைக்குக் காலையில் சம்பல் போட்ட நாசி லெமாக் வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். ரொட்டி, வாழைப்பழம் பசியாறினால் போதும்.

மனக்கவலை வேறு. இரண்டையும் தனித்தனியாக அளக்க 1990இல் ரெய்னர் மார்ட்டென்ஸ் குழுவினர் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். உடம்பின் படபடப்பு ஆட்டம் தொடங்கியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். 'தோத்துட்டா என்ன சொல்வாங்க' என்ற கவலை ஆட்டத்துக்குள்ளேயும் கூட வரும். 14, 15 வயதுப் பிரிவில் குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் ஆட்டம், 2 நிமிடம்தான். காத்திருப்பதோ சில நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை. அந்தக் கவலை வளர்வதற்கு எவ்வளவு நேரம், பாருங்கள்!

ஒரு அப்பா. தங்கமான மனுஷன், செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் நம் மலேசியக் கராத்தே வீராங்கனை ஷாமளாராணி 50 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியதிலிருந்து அவருக்கு மகள் மேல் பெரிய ஆசை. போட்டி நடக்கும் ஈப்போ போய்ச் சேரும் வரை, "பயப்படாதம்மா, ஷாமளாராணி மாதிரி அடிக்கணும், அப்பா லீவு போட்டு வந்திருக்கேன்" என்று பேசிக்கொண்டே வருவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தத்தாமியில், அதாவது போட்டி விரிப்பில், ஏறினால் எதிராளி வரட்டும் என்று நிற்பாள். வகுப்பிலோ முதல் அடி அவளுடையதாகத்தான் இருக்கும்.

"அண்ணே, அடுத்த தடவை போட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றேன். மனுஷன் சொன்னபடி செய்தார். வீட்டுக் கோழி குஞ்சு பொரித்ததை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். எந்தக் குஞ்சுக்கு என்ன பேர் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வாக்குவாதம். அன்றைக்கு அவள் பதக்கம் வாங்கவில்லை. ஆனால் நடுவர் 'ஹாஜிமே', அதாவது 'தொடங்கு', என்றதும் அவள்தான் முதலில் பாய்ந்தாள். எனக்கு அது போதும். திரும்பவும் சொல்கிறேன், வேனில் கோழியைப் பற்றிப் பேசுங்கள்.

மூச்சுப் பயிற்சியை விளக்கமாகச் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இழுக்கும் மூச்சைக் காட்டிலும் விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும், நெஞ்சுத் துடிப்பு தணியும். அதை வகுப்பிலேயே பழக்குங்கள், போட்டியன்று புதிதாக வேண்டாம். அப்புறம் எடை. குறைந்த எடைப் பிரிவில் இறக்குவதற்காக வளரும் பிள்ளையைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போடாதீர்கள். அதைப் பேச இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். நன்றி, வணக்கம்.