பந்தலில் பதினோரு பாவற்காய்

நேயர்களுக்கு வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இருக்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. எங்களுக்கு வயல் கிடையாது, விவசாயம் நான் படித்ததும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடந்தது, அதில் காய்கறி போட ஆரம்பித்தேன், அந்த இரண்டு சென்ட் நான் கடையில் காய் வாங்குகிற விதத்தையே மாற்றிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் போட்டது பாவற்காய். கொடி நன்றாக ஏறியது, பூத்தது, பிஞ்சும் பிடித்தது. விரல் நீளம் வந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளித்து, கோணிக்கொண்டு விழ ஆரம்பித்தது. கீறிப் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. பழ ஈ பிஞ்சிலேயே குத்தி முட்டை வைத்துவிடும், உள்ளே புழு வந்த பிறகு மேலே எதைத் தெளித்தும் பிரயோஜனம் இல்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மாதம் தண்ணீர் சுமந்து ஊற்றியதில் கறிக்கு ஆனது 11 காய்.

அந்த வாரம் நாகர்கோவில் போய்விட்டுத் திரும்பும்போது வில்லுக்குறியில் இறங்கினேன். அங்கே ரோட்டோரம் ஒரு அண்ணாச்சி சாக்கு விரித்துத் தன் தோட்டத்துக் காயை விற்பார். அவரிடம் பல வருஷமாக ஐந்து ரூபாய் குறை, பத்து ரூபாய் குறை என்று பேரம் பேசியவள் நான். அன்றைக்குக் கையில் எடுத்த பாவற்காய் முக்கால் அடி நீளம், ஒரு குத்து இல்லை. எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. எப்படி அண்ணாச்சி புழு இல்லாமல் எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“கருவாடு கட்டித் தொங்கவிடணும் டீச்சர்” என்றார்.

பிளாஸ்டிக் குப்பியில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, நனைத்த கருவாட்டை உள்ளே வைத்துப் பந்தலில் தொங்கவிட வேண்டும். வாடைக்கு வருகிற ஈ உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பிஞ்சு விட்டதும் ஒன்றொன்றாகக் காகிதம் சுற்ற வேண்டும். அப்புறம், விழுந்த காயை அங்கேயே கிடக்க விடக் கூடாது, ஏனென்றால் அதிலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி மறுபடி ஈயாகத்தான் வெளியே வரும். இதை எல்லாம் அந்த மனிதர் இருநூறு கொடிக்குச் செய்கிறார், அதுவும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயலில். எனக்கு இருந்தது நான்கே கொடி.

இப்போது என் தோட்டத்துக்கு நல்ல உரம் சாளை மீன்தான், மத்தி என்றும் சொல்வார்கள். தலையும் குடலும் எவ்வளவு இருக்கிறதோ அதே எடைக்கு வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தயார், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். கடல் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு இது கைக்கெட்டுகிற பொருள். வழுதலங்காயில், அதாவது கத்தரியில், மாவுப்பூச்சி வந்தால் புளித்த கஞ்சித் தண்ணீர் தெளிக்கிறேன். மழைதான் பெரிய பாடு. தென்மேற்கு, வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமும் கொட்டுகிறது, சரிவான செம்மண்ணில் போட்ட சத்து எல்லாம் கழுவிப் போய்விடும், அதனால் மேட்டுப்பாத்தி போட்டு ஓரத்தில் தண்ணீர் வடிய வழி வெட்டிக் கொடுத்த பிறகுதான் மிளகாய்ச் செடி அழுகாமல் நின்றது.

மழை என்றதும் 2017 நவம்பர் 30 ஞாபகம் வருகிறது. ஒக்கி புயல் அடித்த அன்று அந்த அண்ணாச்சிக்கு முந்நூறு ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன், குலை தள்ளி நின்றது. ஏத்தன் குலை வெட்ட பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும், அவ்வளவு நாள் போட்ட காசும் உழைப்பும் ஒரே பகலில் சாய்ந்தது. பாட்டப் பணம் மட்டும் கொடுத்தே ஆக வேண்டும். அதன் பிறகுதான் அவர் பயறும் பாவலும் போட ஆரம்பித்தாராம், பயறு என்றால் ஐம்பது நாளில் கையில் காசு வரும் என்று. அந்த ரோட்டோரச் சாக்குக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருந்தது, நான் ஐந்து ரூபாய்க்கு நின்று பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

ஒரு வருஷம் பயறு நிறைய விளைந்துவிட்டது. மொத்த வியாபாரி சொன்ன விலை பறிகூலிக்குக்கூடக் காணாமல், அண்ணாச்சி கொடியோடு மாட்டுக்குப் போட்டார். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகிற லாரிகளால் விலை ஏறும், முடிந்ததும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் விளைவிக்கிறவர் கையில் எதுவுமே இல்லை. அதனால்தான் நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தை மாதிரி இடங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே அடையாள அட்டை உள்ள விவசாயி தானே விற்கிறார், கமிஷன் இல்லை, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். காலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறினால் நல்ல காய் இருக்காது.

இன்னொன்று உங்களிடம் கேட்க வேண்டும். காலிஃபிளவரும் கேரட்டும் எங்கிருந்தோ வருகிறது, வாங்குகிறோம், சரி. நம் மண்ணிலேயே விளைகிற சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு என்று கிழங்கு வகை எல்லாம் கூடையில் கிடக்கிறது, தோல் சீவக் கை அரிக்கிறது என்று தள்ளிவிட்டுப் போகிறோம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் அரிப்பு தெரியாது. நம் மட்டி வாழைப் பழத்துக்கு 2023இல், இந்த மண்ணுக்கு உரியது என்கிற புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் சந்தோஷம்தான், ஆனால் கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கேட்டால்தான் வைப்பார்கள், வைத்தால்தான் நடுவார்கள்.

வீட்டில் காய் போடுங்கள், தொட்டியில் நாலு மிளகாய்ச் செடியாவது வையுங்கள். அதனால் கடைக்குப் போகும் செலவு பெரிதாகக் குறையாது. எங்கள் வீட்டில் இன்னமும் பாதிக்கு மேல் வாங்கத்தான் செய்கிறோம், ஆனால் கோணிய காயை ஒதுக்குவதில்லை, சொன்ன விலையைக் கொடுக்கிறோம்.

“கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு” என்று சேனையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கும்பம் என்றால் நம் மாசி. மாசி வருவதற்குள் புறவாசலில் ஆறு குழி எடுத்துச் சாணியும் சருகும் போட்டு வைத்திருக்கிறேன். விதைச்சேனை அண்ணாச்சியிடமே சொல்லியாயிற்று. வணக்கம்.